இரண்டு புலி போட்ட கடுதாசி

எங்கள் வீட்டில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. மூடியில் இருந்த பூப்படம் தேய்ந்து, விளிம்பெல்லாம் துருப்பிடித்துவிட்டது. அதில் பிஸ்கட் இருந்து நான் பார்த்ததே இல்லை. பிறப்புப் பத்திரங்கள், அம்மா அப்பாவின் திருமணப் பத்திரம், அண்ணனின் எஸ்.பி.எம். சான்றிதழ், எனக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த கடிதம் எல்லாம் அதற்குள்தான். டின்னுக்குப் பொறுப்பாளர் என் பாட்டி.

கேமரன் மலையின் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர் பாட்டி. முதுகில் கூடையைக் கட்டிக்கொண்டு கொழுந்து பறித்தே நாற்பது ஆண்டுகளைக் கழித்தார். தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பார். ரூமி எழுத்து அவருக்குத் தெரியாது. ஆனாலும் வீட்டுக்கு வரும் கடிதங்களில் எது முக்கியமானது என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவார்.

"இது ரெண்டு புலி போட்ட கடுதாசி. டின்னுல வை" என்பார்.

நிலத்துறையிலிருந்து வரும் கடிதங்களில் பகாங் மாநிலச் சின்னம் இருக்கும். நடுவில் ஈட்டிமுனை, இருபுறமும் யானைத் தந்தங்கள். அது பாட்டிக்கு "கொம்பு போட்ட கடுதாசி". படம் இல்லாதவை எல்லாம் "சும்மா கடுதாசி". அவை அடுப்படிக்குப் போய்விடும்.

சின்ன வயதில் இதைக் கேட்டு நாங்கள் சிரிப்போம். பாட்டி செய்ததைத்தான் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பு ஐரோப்பிய மக்களும் செய்தார்கள் என்பது பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

கேடயத்தில் பிறந்த அடையாளம்

12-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய வீரர்கள் தலை முதல் கால் வரை இரும்புக் கவசம் அணிந்து போரிட்டனர். முகமும் மூடியிருக்கும். எதிரே வருபவன் நண்பனா பகைவனா என்று தெரியாது. அதனால் கேடயத்தின் மேல் பெரிய படம் வரைந்துகொண்டார்கள். சிங்கம், கழுகு, சிலுவை, பட்டைக்கோடு என்று தூரத்திலிருந்தே தெரியும்படி பளிச்சென்ற நிறங்களில் வரைந்தார்கள். கவசத்தின் மேல் போட்ட துணி அங்கியிலும் அதே படம் இருந்தது. காலப்போக்கில் அந்தப் படம் குடும்பச் சொத்தாகி, தந்தையிடமிருந்து மகனுக்குப் போனது.

பிறகு நகரங்களும் இதைப் பின்பற்றின. வணிக ஒப்பந்தங்களுக்கும் தீர்ப்புகளுக்கும் மெழுகில் முத்திரை குத்த வேண்டியிருந்தது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. முத்திரையில் இருக்கும் படத்தைப் பார்த்தே இது எந்த ஊரின் பத்திரம் என்று மக்கள் அறிந்துகொண்டார்கள்.

ஜெர்மனியில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள் உண்டு. பெர்லின் நகரத்தின் சின்னம் கரடி. 1280-ஆம் ஆண்டு முத்திரையிலேயே கரடி வந்துவிட்டது. ஜெர்மன் மொழியில் கரடியைக் குறிக்கும் சொல்லும் ஊர்ப்பெயரின் முதல் அசையும் ஏறக்குறைய ஒரே ஒலி என்பதால் அந்தப் படம் ஊரோடு ஒட்டிக்கொண்டது. மியூனிக் நகரத்தின் பெயர் துறவியரைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அதனால் அந்நகரத்தின் சின்னத்தில் ஒரு துறவி நிற்கிறார். பெயரைப் படமாக மாற்றிவிட்டால், படிக்கத் தெரியாதவரும் அதை "வாசித்து"விடலாம். பேசும் சின்னம் என்று இதைச் சொல்லலாம்.

பெர்லின் கரடிக்கு இன்னொரு கதையும் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நகரம் கிழக்கு, மேற்கு என்று பிரிந்தபோது இரு பகுதியும் கரடியை விடவில்லை. ஆட்சியும் சட்டமும் வேறாகின, நடுவே சுவரும் எழுந்தது. கரடி மட்டும் இரு பக்கமும் நின்றது.

புலி, மீன், வில்

இதெல்லாம் வெள்ளைக்காரர்கள் கண்டுபிடித்தது என்று நினைத்துவிட வேண்டாம். சோழருக்குப் புலி, பாண்டியருக்கு மீன், சேரருக்கு வில் என்பது தமிழ்ப்பள்ளியில் நாம் படித்ததுதான்.

ஆனைமங்கலச் செப்பேடுகளுக்கும் நம் நாட்டுக்கும் தொடர்பு உண்டு. லைடன் செப்பேடு என்ற பெயரில் அவை உலகப் புகழ் பெற்றவை. கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் கட்டிய புத்த விகாரத்துக்கு முதலாம் இராசராச சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்த செய்தி அவற்றில் உள்ளது. கடாரம் என்பது இன்றைய கெடா. 21 ஏடுகளையும் ஒரு வளையம் கோத்திருக்கிறது. வளையத்தில் சோழரின் அரச முத்திரை.

சோழ முத்திரைகளில் புலி தனியாக இருப்பதில்லை. அருகில் இரண்டு மீன்கள், ஒரு வில், மேலே வெண்கொற்றக்குடை. பாண்டியரையும் சேரரையும் வென்றோம் என்பதற்காக அவர்களுடைய சின்னங்களையும் சோழர்கள் தங்கள் முத்திரைக்குள் கொண்டுவந்தார்கள். பல அரசுகளின் அடையாளங்களை ஒரே முத்திரையில் சேர்ப்பது அன்று வெற்றியின் அறிவிப்பு.

பல அரசுகள் சேரும் இன்னொரு சின்னம் நம் கையில் இருக்கிறது. கடப்பிதழின் அட்டையில் பொன்னிறத்தில் மின்னும் நம் தேசிய மரபுச் சின்னமான ஜாத்தா நெகாராதான் அது.

நான்கு நிறங்களில் தொடங்கிய கதை

1895-இல் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு மாநிலங்களும் ஒரே கூட்டமைப்புக்குள் வர ஒப்பந்தம் ஆனது. மறு ஆண்டு அது நடைமுறைக்கு வந்தது. கோலாலம்பூர் அதன் தலைநகர். பெயரளவில் சுல்தான்களின் ஆட்சி, நடைமுறையில் பிரிட்டிஷ் அதிகாரம். கூட்டமைப்பின் கொடியில் வெள்ளை, சிவப்பு, மஞ்சள், கறுப்பு என நான்கு பட்டைகள். நடுவில் பாயும் புலி. நான்கு மாநிலக் கொடிகளின் நிறங்களைச் சேர்த்து எடுத்தவை அவை. பகாங்கின் கொடி மேலே வெள்ளை, கீழே கறுப்பு. கூட்டமைப்பின் மரபுச் சின்னத்தில் கேடயத்தைத் தாங்கி இரண்டு புலிகள் நின்றன.

1885-இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் எங்கள் மலைப்பகுதிக்கு வந்தபோது இந்தக் கூட்டமைப்பு இல்லை. 1929-இல் ஜே. ஏ. ரசல் இங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது இருந்தது. காட்டை வெட்டி, சரிவுகளில் தேயிலை நட்ட நம் முன்னோர்கள் இந்த நான்கு நிற ஆட்சியின் கீழ்தான் மலையேறினார்கள். பாட்டியின் அப்பாவும் அவர்களில் ஒருவர். பாட்டியின் "ரெண்டு புலி" எங்கள் குடும்பத்துக்கு முன்பே பழக்கமானது என்று சொல்லலாம்.

போர் முடிந்த பின் 1948-இல் மலாயா கூட்டரசு அமைந்தது. மாநிலங்கள் பதினொன்றாயின. அதற்கான மரபுச் சின்னம் 1952-இல் வந்தது. பழைய நான்கு நிறங்களும் இரண்டு புலிகளும் அதில் தொடர்ந்தன. மேலே பிறையும் 11 முனை நட்சத்திரமும் அமைந்தன. கீழே உள்ள பட்டையில் ஜாவி எழுத்திலும் ஆங்கிலத்திலும் 'ஒற்றுமையே பலம்' என்ற கருத்து.

1957-இல் விடுதலை. 1963 செப்டம்பர் 16-இல் சாபா, சரவாக், சிங்கப்பூர் சேர்ந்து மலேசியா பிறந்தது. நட்சத்திரத்தின் முனைகள் 14 ஆயின. கேடயத்தின் அடிப்பகுதியில் புதிய மூவருக்கும் இடம் ஒதுக்கினார்கள். ஆங்கில வாசகம் போய் 'பெர்செகுத்து பெர்தம்பா மூத்து' என்ற மலாய் வாசகம் ரூமியிலும் ஜாவியிலும் வந்தது. கூட்டாகச் சேர்ந்தால் தரம் உயரும் என்பது அதன் பொருள்.

1965 ஆகஸ்டு 9-இல் சிங்கப்பூர் பிரிந்தது. கேடயத்தில் அதற்கிருந்த இடத்தை என்ன செய்வது? 1960-இல் தேசிய மலராக அறிவிக்கப்பட்டிருந்த செம்பருத்தியை அங்கே வைத்தார்கள். 14 முனைகள் அப்படியே இருந்தன. இன்று அவை 13 மாநிலங்களையும் கூட்டரசு அரசாங்கத்தையும் குறிக்கின்றன.

கேடயத்தை வாசிப்போம்

மாணவ நண்பர்களே, உங்கள் கடப்பிதழையோ, அரசாங்கக் கடிதம் ஒன்றையோ எடுத்து அருகில் வைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து தொடங்குவோம்.

கேடயத்தின் உச்சியில், சிவப்புப் பின்னணியில் ஐந்து கிரிஸ். 1895 கூட்டமைப்பில் சேராமல் இருந்த ஜொகூர், கெடா, கிளந்தான், பெர்லிஸ், திரெங்கானு ஆகிய ஐந்து மாநிலங்களை அவை குறிக்கின்றன.

நடுவில் சிவப்பு, கறுப்பு, வெள்ளை, மஞ்சள் என நான்கு கட்டங்கள். சிவப்பும் மஞ்சளும் சேர்ந்தால் சிலாங்கூர். கறுப்பும் வெள்ளையும் நம் பகாங். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் என்றால் பேராக். சிவப்பு, கறுப்பு, மஞ்சள் என்றால் நெகிரி செம்பிலான். நான்கே நிறங்களில் நான்கு கொடிகள்.

அடிப்பகுதியில் இடப்பக்கம் சாபா, நடுவில் செம்பருத்தி, வலப்பக்கம் சரவாக்கின் இருவாய்ச்சிப் பறவை.

மிச்சம் இருப்பவை இரண்டு ஓரங்கள். நான் அதிக நேரம் உட்கார்ந்து பார்த்தது இவற்றைத்தான். இடப்பக்கம் பினாங்கு. ஒரு மரமும் பினாங்குப் பாலமும் அங்கே உண்டு. பாலம் திறக்கப்பட்டது 1985-இல். எனவே இந்தச் சின்னம் 1963-உடன் உறைந்துபோனதல்ல, அதன் பின்னும் மாறியிருக்கிறது. அந்த மரம் பாக்குமரம், அதாவது கமுகு. மலாய் மொழியில் 'பினாங்' என்றால் பாக்கு. தீவின் பெயரே அதிலிருந்து வந்ததுதான். பெர்லின் கரடியைப் போலவே இதுவும் ஒரு பேசும் சின்னம்!

வலப்பக்கம் மலாக்கா. அங்கேயும் ஒரு மரம். பரமேசுவரா ஏறத்தாழ 1400-ஆம் ஆண்டில் ஆற்றோரம் ஒரு மரத்தடியில் களைப்பாறியதாகவும், சருகுமான் ஒன்று அவருடைய வேட்டை நாயை ஆற்றில் உதைத்துத் தள்ளியதாகவும் மலாய் மரபுக்கதை சொல்கிறது. "இது என்ன மரம்?" என்று கேட்டார். "மலாக்கா மரம்" என்றார்கள். ஊருக்கு அதே பெயர் வைத்தார். வரலாற்றுப் பாடத்தில் எல்லாரும் படித்த கதை. ஆனால் அது என்ன மரம் என்று பதினோரு ஆண்டுப் பள்ளி வாழ்க்கையில் நான் கேட்டதில்லை.

தேடிப் பார்த்தேன். அது நெல்லிமரம்! அதியமான் ஔவையாருக்குக் கொடுத்ததாக நாம் படித்த அதே நெல்லி. நாம் உப்பிலும் தேனிலும் ஊறவைத்துத் தின்னும் அதே காய். சமஸ்கிருதத்தில் இதற்கு 'ஆமலகம்' என்று பெயர். 'மலாக்கா' என்ற சொல் அதிலிருந்து வந்திருக்கலாம் என்று கருதுவோரும் உண்டு.

உடனே வீட்டுக்கு அழைத்துப் பாட்டியிடம் சொன்னேன். அவர் கொஞ்சமும் வியக்கவில்லை.

"நம்ம நெல்லிக்கா மரந்தானே? இத்தனை வருசமா நீ அத பாக்கவே இல்லியா கண்ணு?"

ரூமி தெரியாத பாட்டிக்கு மரம் தெரிந்திருக்கிறது. ரூமி படித்த எனக்குத் தெரியவில்லை.

"இதில் நாம் எங்கே?"

விடுதித் தோழி ஒருத்தியிடம் இதைப் பெருமையாகச் சொன்னபோது அவள் கேட்டாள்: "அதெல்லாம் சரி. இந்தச் சின்னத்தில் நாம எங்க இருக்கோம்?"

நல்ல கேள்வி. நெல்லி இருக்கிறது, கமுகு இருக்கிறது, செம்பருத்தி இருக்கிறது, புலிகூட இருக்கிறது, எல்லாம் நம்முடையதுதான் என்று பதில் சொல்லியிருக்கலாம். கைத்தட்டல் கிடைக்கும். ஆனால் அது சரியான பதில் அல்ல. கேடயத்தில் உள்ள நெல்லி மலாக்காவைக் குறிக்கிறது, ஔவையாரை அல்ல. புலி மலாயாப் புலி, சோழப் புலி அல்ல. நமக்குத் தெரிந்த மரம் அங்கே நிற்பது மகிழ்ச்சிதான். அதற்காக மரத்துக்குப் பட்டா போட முடியாது.

எந்த இனத்தின் உருவமும் இந்தக் கேடயத்தில் இல்லை என்பதுதான் உண்மை. கிரிஸ் மலாய் மரபின் ஆயுதம், பிறை கூட்டரசின் சமயமான இஸ்லாத்தைக் குறிக்கிறது. அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கேடயம் எண்ணுவது மாநிலங்களை. தமிழர், சீனர், இபான், கடசான் என்று மக்களைக் கணக்கெடுக்க அது வரையப்படவில்லை.

அப்படியானால் நாம் எங்கே? இதற்கான பதில் எனக்கு அந்த பிஸ்கட் டின்னில்தான் கிடைத்தது.

டின்னுக்குள் மாட்டிய கடிதம்

பாட்டி பிறந்தது 1957-க்கு முன்பு. விடுதலை நாளன்றும் அதற்குப் பிறகும் இங்கே பிறந்தவர்களுக்கு அன்றைய சட்டப்படி பிறப்பிலேயே குடியுரிமை கிடைத்தது. அதற்கு முன்பு பிறந்தவர்களில் பலர் விண்ணப்பித்துப் பதிந்துகொள்ள வேண்டியிருந்தது. தோட்டத்தில் இதை யாரும் பாட்டிக்கு விளக்கவில்லை. பிறப்புப் பத்திரமும் இல்லை. அதனால் இந்த மண்ணிலேயே பிறந்தும் பல பத்தாண்டுகளாக அவர் கையில் இருந்தது நிரந்தரவாசிக்கான சிவப்பு அடையாள அட்டை. அவருடைய பிள்ளைகளுக்கு நீலம், பேரப்பிள்ளைகளுக்கு நீலம், அவருக்கு மட்டும் சிவப்பு.

நான் மூன்றாம் படிவம் படித்தபோது ஒரு நாள் புத்தகப்பையில் வைக்க என் பிறப்புப் பத்திர நகலைத் தேடி டின்னைத் திறந்தேன். மேலாக ஒரு கடிதம், ஓரம் மட்டும் கிழித்துத் திறந்து, மடிப்புக் கலையாமல் இருந்தது. இரண்டு புலி போட்ட கடுதாசி. பிரித்துப் படித்தேன். அப்பா பாட்டிக்காகப் போட்டிருந்த குடியுரிமை விண்ணப்பத்துக்கான நேர்காணல் அழைப்பு அது. தேதியைப் பார்த்தேன். நாளை மறுநாள்!

கடிதம் வந்தபோது வீட்டில் யாரும் இல்லை. பாட்டி புலியைப் பார்த்தார், முக்கியம் என்று புரிந்தது, பத்திரமாக டின்னில் வைத்துவிட்டார். மாலையில் சொல்ல மறந்துவிட்டார். அவர் மேல் தவறில்லை. ஒரு சின்னம் செய்யக்கூடிய வேலை அவ்வளவுதான். யாரிடமிருந்து வந்தது என்று சொல்லும். என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லாது.

அன்று இரவே அப்பா மேலாளரிடம் விடுப்புக் கேட்டார். மறுநாள் முழுவதும் நானும் அண்ணனும் பாட்டியை உட்காரவைத்து மலாய் மொழியில் பெயர், வயது, ஊர், வேலை எல்லாம் சொல்லவைத்தோம். பாட்டி சந்தையில் பேசும் மலாய் எங்களைவிட நன்றாகவே இருந்தது. மூன்றாம் நாள் விடியும் முன் மலையிறங்கினார்கள். வளைவுகளில் பாட்டிக்குத் தலைசுற்றி இரண்டு முறை வண்டியை நிறுத்த வேண்டியிருந்ததாம். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

பதில் வர நெடுநாள் ஆனது. வந்தபோது அதுவும் இரண்டு புலி போட்டதுதான். பிறகு ஒரு நாள் சான்றிதழைக் கையில் வாங்கினார் பாட்டி. மேலே கேடயம், கீழே அவர் பெயர். அந்தப் பெயரை மட்டும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இதுல என் பேரு எங்கன்னு காட்டு" என்று கேட்டார். விரல் ஏற்கெனவே அந்த இடத்தில்தான் இருந்தது.

விடுதித் தோழிக்கு நான் சொன்ன பதில் இதுதான். சின்னத்துக்குள் படமாக இருப்பது மாநிலங்களுக்கு உரியது. சின்னத்துக்குக் கீழே பெயராக இருப்பது நமக்கு உரியது. அந்த இடத்துக்கு வர என் பாட்டிக்கு எழுபது ஆண்டுகள் ஆயின. பிறந்த அன்றே அது கிடைத்துவிட்ட நாம், அதை ஒரு முறையாவது நின்று பார்க்க வேண்டாமா?

தாங்குபவர்கள் தளர்ந்தால்

முடிக்கும் முன் அந்தப் புலிகளைப் பற்றி ஒரு செய்தி. கேடயத்தை இருபுறமும் தாங்கி நிற்கும் மலாயாப் புலிகள் காட்டில் 150-க்கும் குறைவாகவே எஞ்சியுள்ளன என்று 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பு கண்டறிந்தது. அவற்றின் முக்கிய வாழிடங்களில் ஒன்றான தாமான் நெகாரா காட்டின் பெரும்பகுதி நம் பகாங்கில்தான் இருக்கிறது. கடிதத்தில் இரண்டு புலி என்றும் இருக்கும். காட்டில் இருக்குமா என்பது நம் தலைமுறையின் பொறுப்பு.

இந்த வாரம் இரண்டு வேலைகள் செய்து பாருங்கள். உங்கள் பள்ளிச் சின்னத்தை எடுத்து, அதிலுள்ள ஒவ்வொரு படமும் நிறமும் எதைக் குறிக்கிறது, யார் வரைந்தது, எந்த ஆண்டு என்று ஆசிரியரிடமோ பழைய மாணவரிடமோ கேட்டு எழுதுங்கள். தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் இடம் மாறும்போது கட்டடத்தோடு இந்தத் தகவலும் போய்விடுகிறது.

அடுத்து, வீட்டில் இருக்கும் டின்னைத் திறந்து பாருங்கள். எல்லார் வீட்டிலும் ஒரு டின் இருக்கும். இரண்டு புலி போட்ட கடுதாசி ஏதாவது படிக்காமல் கிடந்தால், பாட்டியின் அருகில் உட்கார்ந்து சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். தேதியை முதலில் பாருங்கள்.